இரைப்பைப் புற்றுநோய்ச் செல்களில் நரம்பு-நாளமில்லாச் சுரப்புப் பண்புகள்: தோற்றம், அடையாளம், மருத்துவப் பொருள்

ஆய்வுச் சுருக்கம்

இரைப்பையின் சளிப்படலத்தில் இயக்குநீர்களைச் சுரக்கும் செல்கள் சிறு எண்ணிக்கையில் சிதறிக் கிடக்கின்றன. நரம்புச் செல்களுக்குரிய சில புரதங்களையும் நாளமில்லாச் சுரப்பிகளுக்குரிய துகள்களையும் ஒருங்கே கொண்டிருப்பதால் இவை நரம்பு-நாளமில்லாச் சுரப்புச் செல்கள் எனப்படுகின்றன. இதே பண்புகள் இரைப்பையில் தோன்றும் புற்றுநோய்ச் செல்களிலும் பல்வேறு அளவில் காணப்படுகின்றன. மெதுவாக வளரும் சிறு கட்டிகள், விரைந்து பரவும் கொடிய புற்று, சுரப்பிப் புற்றும் நரம்பு-நாளமில்லாச் சுரப்புப் புற்றும் கலந்த கலப்புக் கட்டிகள், ஆங்காங்கே சில சுரப்புச் செல்களை மட்டும் கொண்ட பொதுவான சுரப்பிப் புற்று ஆகிய நான்கு நிலைகளிலும் இப்பண்பு வெளிப்படுகிறது. ஒரே பெயரடை இந்நான்கிற்கும் வழங்கப்படினும் இவற்றின் தோற்றமும் போக்கும் மருத்துவமும் வேறு வேறானவை. இவ்வேறுபாட்டைச் செல்லியல், மரபணுவியல், நோயியல் வகைப்பாடு ஆகியவற்றின் வழி விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

திறவுச்சொற்கள்: இரைப்பைப் புற்றுநோய், நரம்பு-நாளமில்லாச் சுரப்புச் செல், காஸ்ட்ரின், குரோமோகிரானின், கேஐ-67, கலப்புக் கட்டி, குருத்துச் செல்.

முன்னுரை

உலகளவில் 2022ஆம் ஆண்டில் ஏறத்தாழ 9.7 லட்சம் பேருக்கு இரைப்பைப் புற்றுநோய் புதிதாகக் கண்டறியப்பட்டதாகவும், ஏறத்தாழ 6.6 லட்சம் பேர் இந்நோயால் இறந்ததாகவும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையின் மதிப்பீடு தெரிவிக்கிறது. கிழக்காசிய நாடுகளில் இந்நோய் மிகுதி. இந்தியாவில் மிசோரம் மாநிலத்தில் இதன் விகிதம் மிக உயர்ந்துள்ளது. சென்னையின் புற்றுநோய்ப் பதிவேட்டிலும் ஆண்களிடையே முன்னிடம் பெறும் புற்றுநோய்களுள் இரைப்பைப் புற்று நெடுங்காலமாக இடம்பெற்று வருகிறது.

இப்புற்றுகளுள் பெரும்பான்மையானவை சளிப்படலச் சுரப்பிகளிலிருந்து தோன்றும் சுரப்பிப் புற்றுகளே. எனினும் அவற்றின் திசுத்துண்டை நுண்ணோக்கியில் வைத்துத் தக்க சாயங்களைக் கொண்டு நோக்கும்போது, சளியைச் சுரக்க வேண்டிய செல்களின் நடுவே இயக்குநீர்த் துகள்களை ஏந்திய செல்கள் தென்படுவதுண்டு. சில கட்டிகளில் இவை ஓரிரண்டாக இருக்கும். சிலவற்றில் கட்டி முழுவதுமே இத்தகைய செல்களால் ஆகியிருக்கும். இவ்வேறுபாடு மருத்துவத்தின் போக்கையே மாற்றவல்லது. ‘நரம்பு-நாளமில்லாச் சுரப்புத் தன்மை உள்ளது’ என்று நோயியல் அறிக்கையில் எழுதப்படும் ஒரே தொடர், ஒரு நோயாளிக்கு அகநோக்கி வழியே சிறு கட்டியை அகற்றிவிட்டுக் கண்காணிப்பதையும், மற்றொருவருக்கு உடனடியான கடும் மருந்துச் சிகிச்சையையும் குறிக்கக்கூடும். ஆகவே அத்தொடரின் பொருளைப் பிரித்தறிதல் இன்றியமையாததாகிறது.

1. கலைச்சொல் குறித்த விளக்கம்

‘நரம்பு’ என்னும் சொல் பேச்சுத் தமிழில் உணர்வு நரம்பையும் இரத்தக் குழாயையும் ஒருசேரக் குறிக்கிறது. அதனால் ‘நரம்பு-நாளமில்லாச் சுரப்புக் கட்டி’ என்ற பெயரைக் கேட்கும் நோயாளி, புற்று நரம்பில் தோன்றியது என்றோ நரம்புக்குப் பரவிவிட்டது என்றோ கருத இடமுண்டு. இப்பெயர் நோய் தோன்றிய இடத்தையோ பரவிய இடத்தையோ சுட்டவில்லை. செல்லின் இயல்பை மட்டுமே சுட்டுகிறது.

இச்செல்கள் நரம்புச் செல்களைப் போன்றே நுண்பைகளில் வேதிப்பொருள்களைச் சேமித்து, தூண்டல் கிடைத்ததும் வெளியிடுகின்றன. நரம்பு முடிச்சுகளில் காணப்படும் சினாப்டோஃபைசின் என்ற புரதம் இவற்றிலும் உள்ளது. அதே வேளையில் தாம் வெளியிடும் பொருளை இரத்தத்திலோ அண்டைச் செல்களின் மீதோ செலுத்துவதால் நாளமில்லாச் சுரப்பியின் பணியையும் செய்கின்றன. இரு தன்மைகளும் ஒரு செல்லில் கூடியிருப்பதையே இப்பெயர் உணர்த்துகிறது.

2. கண்டுபிடிப்பின் வரலாறு

1870இல் ஜெர்மானிய உடலியலர் ருடால்ஃப் ஹைடன்ஹைன், விலங்குகளின் இரைப்பைச் சளிப்படலத்தில் குரோமிய உப்புகளால் மஞ்சள் நிறம் ஏறும் சிறு செல்களை விவரித்தார். 1897இல் நிக்கோலாய் குல்ச்சிட்ஸ்கி குடல் சுரப்பிகளின் அடியில் இத்தகைய துகள் நிறைந்த செல்களைக் கண்டார். இச்செல்களின் பணி யாது என்பது அப்போது விளங்கவில்லை.

1902இல் லண்டனில் பேலிஸ், ஸ்டார்லிங் இருவரும் சிறுகுடலிலிருந்து வெளிப்பட்டுக் கணையத்தைத் தூண்டும் செக்ரடினைக் கண்டறிந்தனர். 1905இல் எட்கின்ஸ் இரைப்பையின் கீழ்ப்பகுதிச் சளிப்படலச் சாற்றில் அமிலச் சுரப்பைத் தூண்டும் பொருள் உள்ளதென அறிவித்து அதற்கு காஸ்ட்ரின் எனப் பெயரிட்டார். 1964இல் கிரிகரி, டிரேசி ஆகியோர் அதனைத் தூய நிலையில் பிரித்தெடுத்த பின்னரே அக்கருத்து ஐயத்திற்கு இடமின்றி நிலைபெற்றது. செரிமானப் பாதையே ஒரு பெரிய இயக்குநீர் உறுப்பு என்பது இக்கண்டுபிடிப்புகளால் தெளிவாயிற்று.

கட்டிகளின் வரலாறும் இதனோடு இணைந்து வளர்ந்தது. 1907இல் சீக்ஃபிரீட் ஓபர்ன்டோர்ஃபர், சிறுகுடலில் புற்றைப் போலத் தோன்றினும் மெதுவாக வளர்ந்த கட்டிகளுக்குப் ‘புற்றுபோலி’ என்னும் பொருளில் கார்சினாய்டு எனப் பெயரிட்டார். 1914இல் பியர் மாசோன், இக்கட்டிச் செல்கள் வெள்ளி உப்புகளை ஒடுக்கிக் கறுப்பாக மாற்றுவதைக் காட்டி, இவற்றை நாளமில்லாச் சுரப்போடு தொடர்புபடுத்தினார். 1938இல் ஃபிரீட்ரிக் ஃபைர்ட்டர், உடலெங்கும் பரவியுள்ள இத்தகைய செல்களை ஒரு தனி மண்டலமாகக் கருத வேண்டும் என முன்மொழிந்தார்.

3. தோற்றம் பற்றிய கோட்பாட்டு மாற்றம்

1960களின் இறுதியில் பிரித்தானிய அறிஞர் பியர்ஸ், இச்செல்கள் அனைத்தும் கருவின் நரம்பு முகட்டிலிருந்து இடம்பெயர்ந்து வந்தவை என்னும் கருதுகோளை வலியுறுத்தினார். நரம்புச் செல்களோடு இவற்றிற்குள்ள ஒப்புமையே அதற்கு அடிப்படையாயிற்று. இக்கருத்தை நிக்கோல் லெ துவாரனின் ஆய்வு மாற்றியது. காடைக் கருவின் நரம்பு முகட்டுத் திசுவைக் கோழிக் கருவில் பொருத்தி, உட்கரு வேறுபாட்டால் காடைச் செல்களை இனங்கண்டு, அவை எங்கெங்குச் சென்று சேர்கின்றன என அவர் தொடர்ந்து நோக்கினார். குடற்சுவரின் நரம்புச் செல்கள் காடையினுடையவாக இருந்தன. சளிப்படலத்தின் சுரப்புச் செல்கள் கோழியினுடையவாகவே இருந்தன. ஆகவே இரைப்பை, குடல் ஆகியவற்றின் நாளமில்லாச் சுரப்புச் செல்கள் நரம்பு முகட்டின் வழித்தோன்றல்கள் அல்ல என்பது புலனாயிற்று.

1974இல் செங், லெப்லான் ஆகியோர் எலியின் சிறுகுடலை ஆராய்ந்து, உறிஞ்சும் செல், சளிச் செல், பேனத் செல், நாளமில்லாச் சுரப்புச் செல் ஆகிய நான்கும் ஒரே குருத்துச் செல்லிலிருந்து தோன்றுகின்றன என முன்வைத்தனர். இன்று இரைப்பைக்கும் இக்கருத்து பொருந்துகிறது. சுரப்பியின் குருத்துச் செல் பிரிந்து வளரும்போது, அண்டைச் செல்கள் தமக்குள் நடத்தும் நாட்ச் என்னும் சமிக்ஞை வழி அதன் எதிர்காலத்தை வரையறுக்கிறது. நாட்ச் சமிக்ஞை தளரும் செல்லில் ஏஎஸ்சிஎல்1, நியூரோஜெனின்3, நியூரோடி1 முதலான படியெடுத்தல் காரணிகள் செயற்பட்டு அதனைச் சுரப்புச் செல்லாக ஆக்குகின்றன. நரம்புச் செல்லின் உருவாக்கத்திலும் இதே குடும்பக் காரணிகள் பங்குபெறுகின்றன. நரம்புச் செல்லுக்கும் இச்சுரப்புச் செல்லுக்கும் உள்ள உறவு மரபுவழி உறவன்று. ஒரே மரபணுத் திட்டத்தை இரண்டும் பயன்படுத்துவதால் ஏற்பட்ட ஒப்புமை எனலாம்.

புற்றுநோய்ச் செல்லில் இப்பண்பு வெளிப்படுவதை விளங்கிக்கொள்ள இக்கருத்தே திறவுகோல். சளிச் செல்லுக்கும் சுரப்புச் செல்லுக்கும் மூலம் ஒன்றாயின், அம்மூலத்தில் தோன்றிய புற்று இருவழிகளிலும் செல்லக்கூடும்.

4. இயல்பான இரைப்பையில் சுரப்புச் செல்கள்

செரிமானப் பாதையின் மேற்பூச்சுச் செல்களில் ஏறத்தாழ 1 விழுக்காடே நாளமில்லாச் சுரப்புச் செல்கள். இரைப்பையின் கீழ்ப்பகுதியில் ஜி செல்கள் காஸ்ட்ரினைச் சுரக்கின்றன. அமிலம் சுரக்கும் மேற்பகுதியிலும் நடுப்பகுதியிலும் ஈசிஎல் செல்கள் ஹிஸ்டமினை வெளியிடுகின்றன. டி செல்கள் சொமாட்டோஸ்டாட்டினைச் சுரந்து மற்றவற்றைக் கட்டுப்படுத்துகின்றன. செரட்டோனினைச் சுரக்கும் செல்களும், பசியைத் தூண்டும் கிரெலினைச் சுரக்கும் செல்களும் உள்ளன.

இவை தமக்குள் ஒரு சுழற்சியில் இயங்குகின்றன. உணவு வந்ததும் ஜி செல் காஸ்ட்ரினை வெளியிடுகிறது. அது இரத்தத்தின் வழியே ஈசிஎல் செல்லை அடைந்து ஹிஸ்டமினை வெளிப்படுத்தச் செய்கிறது. ஹிஸ்டமின் அருகிலுள்ள அமிலச் செல்லைத் தூண்டுகிறது. அமிலம் மிகும்போது டி செல் சொமாட்டோஸ்டாட்டினை வெளியிட்டு ஜி செல்லை அடக்குகிறது. அமிலம் குறைந்தால் இக்கடிவாளம் தளர்ந்து காஸ்ட்ரின் உயர்கிறது. காஸ்ட்ரின் ஈசிஎல் செல்லைச் சுரக்கத் தூண்டுவதோடு நில்லாமல் பெருகவும் தூண்டுகிறது. முதல் வகைக் கட்டியின் தோற்றம் இங்கிருந்தே தொடங்குகிறது.

5. நான்கு நிலைகள்

5.1 நன்கு வேறுபாடுற்ற கட்டிகள்

இவற்றின் செல்கள் இயல்பான சுரப்புச் செல்களைப் பெரிதும் ஒத்திருக்கும். இரைப்பையில் இவை மூன்று வகைப்படும். முதல் வகையில், உடலின் நோயெதிர்ப்பு மண்டலமே அமிலச் செல்களை அழிப்பதால் சளிப்படலம் மெலிகிறது, அமிலம் அற்றுப்போகிறது, காஸ்ட்ரின் இடைவிடாது உயர்கிறது, ஈசிஎல் செல்கள் பெருகிப் பல சிறு முண்டுகளாகின்றன. இரைப்பையின் நரம்பு-நாளமில்லாச் சுரப்புக் கட்டிகளுள் ஏறத்தாழ 70 முதல் 80 விழுக்காடு இவ்வகையினவே. இவை பரவுவது அரிது. காஸ்ட்ரினைச் சுரக்கும் கீழ்ப்பகுதியை அறுவையால் நீக்கினாலோ, ஈசிஎல் செல்லின் காஸ்ட்ரின் ஏற்பியை மருந்தால் தடுத்தாலோ இக்கட்டிகள் சுருங்குவது கண்டறியப்பட்டுள்ளது. கட்டி தன் வளர்ச்சிக்கு இயக்குநீரைச் சார்ந்திருப்பதற்கு இது நேரடிச் சான்றாகும்.

இரண்டாம் வகை, மென்1 மரபணுக் குறைபாட்டை மரபாகப் பெற்றவர்களிடம் காஸ்ட்ரினைச் சுரக்கும் வேறொரு கட்டியின் விளைவாகத் தோன்றுகிறது. இங்கும் காஸ்ட்ரின் உயர்வே தூண்டல்; ஆயினும் அமிலம் குறையாமல் மிகுந்திருக்கும். மூன்றாம் வகையில் காஸ்ட்ரின் அளவு இயல்பாகவே இருக்கும். கட்டி பெரும்பாலும் ஒன்றாகவும் பெரிதாகவும் தோன்றும்; நிணநீர் முடிச்சுகளுக்கும் கல்லீரலுக்கும் பரவும் வாய்ப்பு மிகுதி. எனவே தோற்றத்தில் ஒத்த இரு கட்டிகளின் போக்கை அறியக் கட்டியை மட்டும் நோக்கினால் போதாது. சுற்றியுள்ள சளிப்படலத்தையும் குருதியின் காஸ்ட்ரின் அளவையும் சேர்த்து நோக்க வேண்டும்.

5.2 குறைவாக வேறுபாடுற்ற புற்று

இது சிறுசெல் வகை, பெருசெல் வகை என இருவகைப்படும். சிறுசெல் வகையில் சைட்டோபிளாசம் மிகக் குறைந்து, உட்கருக்கள் ஒன்றோடொன்று நெருங்கி அழுந்தியிருக்கும். பெருசெல் வகையில் உட்கருமணி தெளிவாகத் தெரியும். செல்கள் திரள்களாக அமைந்து நடுவே திசு மடிந்திருக்கும். இரண்டும் விரைந்து பெருகிப் பரவும் இயல்புடையவை.

பெயரளவில் முதல் நிலைக்கு உறவு போலத் தோன்றினும், மரபணு அளவில் இப்புற்று வேறானது. டிபி53 மரபணுவின் திடீர்மாற்றமும் ஆர்பி1 மரபணுவின் இழப்பும் இதில் மிகுதியாகக் காணப்படுகின்றன. நன்கு வேறுபாடுற்ற கட்டிகளில் இவை பொதுவாக இடம்பெறுவதில்லை. ஆகவே மெதுவாக வளரும் கட்டி படிப்படியாகக் கெட்டு இக்கொடிய புற்றாக மாறுகிறது என்ற எளிய விளக்கம் பெரும்பாலான நேர்வுகளுக்குப் பொருந்தாது.

5.3 கலப்புக் கட்டிகள்

ஒரே கட்டியில் சுரப்பிப் புற்றும் நரம்பு-நாளமில்லாச் சுரப்புப் புற்றும் தனித்தனிப் பகுதிகளாக அமைவதுண்டு. ஒவ்வொரு கூறும் குறைந்தது 30 விழுக்காடு இருப்பின் அது கலப்புக் கட்டி எனப்படும். இவ்வெல்லை நடைமுறை வசதிக்காக வகுக்கப்பட்டதே. 30 என்னும் எண்ணில் செல்லின் இயல்பு திடீரென மாறுவதில்லை. கொடிய கூறு 10 விழுக்காடே இருப்பினும் அதுவே நிணநீர் முடிச்சுக்குப் பரவியிருக்கலாம். ஆதலால் எல்லைக்குக் கீழ்ப்பட்ட கூறையும் அறிக்கையில் குறிப்பிடுதல் நன்று.

5.4 சிதறிய செல்களைக் கொண்ட சுரப்பிப் புற்று

பொதுவான சுரப்பிப் புற்றின் நடுவே தனித்தனியாகச் சில சுரப்புச் செல்கள் காணப்படும் நிலை இது. இதன் நிகழ்வு விகிதம் ஆய்வுக்கு ஆய்வு பெரிதும் வேறுபடுகிறது. எத்தனை அடையாளப் புரதங்கள் சோதிக்கப்பட்டன, சாயத்தின் நுண்ணுணர்வு எவ்வளவு, எத்தனை செல்கள் இருந்தால் ‘உள்ளது’ எனக் கொள்வது என்பவை ஒருமைப்படாததே அதற்குக் காரணம். இச்செல்கள் நோயின் முடிவை மாற்றுகின்றனவா என்பதிலும் ஆய்வுகள் ஒத்த விடை தரவில்லை. ஆகவே இந்நிலையைக் கலப்புக் கட்டியாகவோ நரம்பு-நாளமில்லாச் சுரப்புப் புற்றாகவோ பெயரிடுவதில்லை. சுரப்பிப் புற்றுக்குரிய மருத்துவமே இதற்கு உரியது.

6. அடையாளம் காணும் முறைகள்

வெள்ளிச் சாயங்கள் பயன்பட்ட காலம் கடந்து, இன்று எதிர்ப்பொருள்களைக் கொண்டு குறிப்பிட்ட புரதங்களைக் கண்டறியும் முறை வழக்கில் உள்ளது. அடர்துகள்களின் உள்ளீடான குரோமோகிரானின் ஏ, நுண்பைகளின் சவ்வில் உள்ள சினாப்டோஃபைசின், செல்பரப்பில் உள்ள சிடி56, உட்கருவில் செயற்படும் ஐஎன்எஸ்எம்1 ஆகியவை முதன்மையானவை. குரோமோகிரானின் ஏ தனித்தன்மை மிக்கது. ஆனால் கொடிய புற்றில் துகள்கள் அருகிவிடுவதால் சாயம் மங்கியோ இன்றியோ போகலாம். சிடி56 வேறு பல செல்களிலும் காணப்படுவதால் அதனை மட்டும் கொண்டு முடிவுசெய்தல் பொருந்தாது. நுண்ணோக்கியில் கண்ட அமைப்பு முதலிலும், சாயத்தின் சான்று அதற்குத் துணையாகவும் அமைய வேண்டும். அமைப்பில் எவ்வித ஐயமும் எழாத சுரப்பிப் புற்றில் இச்சாயங்களை வழக்கமாகச் செய்வது, பொருளற்ற முடிவுகளுக்கு இட்டுச்செல்லும்.

அடுத்ததாகப் பெருகும் வேகம் அளக்கப்படுகிறது. செல்பிரிவுச் சுழற்சியில் உள்ள செல்களின் உட்கருவில் கேஐ-67 என்னும் புரதம் காணப்படும். உலக நலவாழ்வு அமைப்பின் 2019ஆம் ஆண்டு வகைப்பாட்டின்படி, நன்கு வேறுபாடுற்ற கட்டிகளில் இவ்விழுக்காடு 3க்குக் கீழ் இருப்பின் முதல் தரம்; 3 முதல் 20 வரை இரண்டாம் தரம்; 20க்கு மேல் மூன்றாம் தரம். 2010ஆம் ஆண்டு வகைப்பாட்டில் 20க்கு மேற்பட்டவை யாவும் கொடிய புற்றாகவே கொள்ளப்பட்டன. செல்லமைப்பில் நன்கு வேறுபாடுற்றும் விரைந்து பெருகும் கட்டிகள் தனியே உண்டு என்பது பின்னர் உணரப்பட்டதால் இம்மாற்றம் வந்தது. இதற்கு முன்னோடியாக, 2013இல் வெளிவந்த நார்டிக் நாடுகளின் ஆய்வு 305 நோயாளிகளின் தரவை நோக்கியது. செரிமானப் பாதையைச் சார்ந்த உயர்தரப் புற்றுகளில் கேஐ-67 மதிப்பு 55 விழுக்காட்டுக்குக் கீழ் இருந்தோர் பிளாட்டினம் மருந்துக்குக் குறைவாகவே இசைந்தனர். ஆயினும் அவர்களே நெடுநாள் வாழ்ந்தனர்.

மூன்றாம் தரக் கட்டியையும் கொடிய புற்றையும் சிறு திசுத்துண்டில் பிரித்தறிவது கடினம். அப்போது பி53 புரதத்தின் பிறழ்ந்த சாயமும் ஆர்பி புரதத்தின் இழப்பும் புற்றுக்குச் சான்றாகின்றன. சொமாட்டோஸ்டாட்டின் ஏற்பியின் வலுவான வெளிப்பாடு நன்கு வேறுபாடுற்ற கட்டியின் பக்கம் நிற்கிறது.

7. புற்றுச் செல் இப்பண்பை எவ்வாறு பெறுகிறது?

இவ்வினாவுக்கு மூன்று விடைகள் முன்வைக்கப்படுகின்றன.

முதலாவது, முதிர்ந்த சுரப்புச் செல்லே புற்றாகிறது என்பது. முதல் வகை ஈசிஎல் கட்டிகளுக்கு இது தெளிவாகப் பொருந்துகிறது. 1980களில், அமிலத்தை வலுவாக அடக்கும் ஒமிப்பிரசோலை வாழ்நாள் முழுதும் மிகுந்த அளவில் பெற்ற எலிகளில் ஈசிஎல் கட்டிகள் தோன்றின. உயர்ந்த காஸ்ட்ரினே அதற்குக் காரணம் என்பது பின்னர் விளக்கப்பட்டது. நார்வேயின் டிரான்ட்ஹெய்ம் நகரைச் சார்ந்த வால்டும் குழுவினர் இதனை மேலும் விரித்து, 1965இல் லாரன் வகுத்த பரவல் வகைப் புற்றுகளுள் ஒரு பகுதியும் ஈசிஎல் செல்லிலிருந்தே தோன்றுகிறது என வாதிடுகின்றனர். நுண்ணுணர்வு மிக்க சாயமுறையால் அப்புற்றுச் செல்களில் குரோமோகிரானினைக் கண்டது அவர்தம் சான்று. இக்கருத்து பொதுவான ஏற்பைப் பெறவில்லை. 1998இல் நியூசிலாந்தின் மாவோரிக் குடும்பங்களில் கண்டறியப்பட்ட சிடிஎச்1 மரபணுக் குறைபாடு, செல்களை ஒட்டிவைக்கும் ஈ-காதரின் இழப்பே பரவல் வகைக்கு அடிப்படை எனக் காட்டியது. ஒரு செல்லில் ஒரு புரதம் இருப்பது, அச்செல் அப்புரதத்தை இயல்பாக உடைய செல்லிலிருந்து பிறந்தது என்பதற்குப் போதிய சான்றாகாது. புற்று தன் மூலத்திடம் இல்லாத பண்பையும் பின்னர் ஈட்டக்கூடும்.

இரண்டாவது, பன்முக ஆற்றலுள்ள குருத்துச் செல்லிலிருந்து புற்று தோன்றி இருவழியாக வேறுபடுகிறது என்பது. நெடுநாள் அழற்சியால் இரைப்பைச் சளிப்படலம் குடலின் தன்மையைப் பெறும்போது, அங்குள்ள சுரப்புச் செல்களும் குடலுக்குரிய இயக்குநீர்களைச் சுரக்கத் தொடங்குகின்றன. புற்றிலும் இதே இணைவு காணப்படுகிறது. இரைப்பைக்குரிய சளிப்புரதங்களை உடைய புற்றில் சிதறியுள்ள சுரப்புச் செல்கள் இரைப்பை இயக்குநீர்களையும், குடல்தன்மை உடைய புற்றில் உள்ளவை குடல் இயக்குநீர்களையும் கொண்டிருக்கும் போக்கை ஜப்பானிய ஆய்வுகள் எடுத்துக்காட்டின. சுரப்புச் செல்கள் வெளியிலிருந்து சிக்கிக்கொண்ட இயல்புச் செல்களாயின் இத்தகைய ஒத்திசைவு எதிர்பார்க்கத்தக்கதன்று. அவையும் அதே புற்றின் வாரிசுகள் என்பதையே இது சுட்டுகிறது.

மூன்றாவது, சுரப்பிப் புற்றாகத் தொடங்கிய கட்டி இடையில் தன் அடையாளத்தை மாற்றிக்கொள்கிறது என்பது. கலப்புக் கட்டிகளில் சளிப்படலத்தின் மேற்பரப்பில் சுரப்பிப் புற்றும், சுவரை ஊடுருவும் ஆழத்தில் நரம்பு-நாளமில்லாச் சுரப்புப் புற்றும் அமைவது மிகுதி. இரு கூறுகளையும் பிரித்து மரபணுக்களை ஒப்பிட்டபோது டிபி53 முதலிய திடீர்மாற்றங்கள் இரண்டிலும் ஒன்றாகவே இருப்பது பல கட்டிகளில் தெரியவந்தது. வேறு உறுப்புகளும் இம்மாற்றத்திற்குச் சான்று தருகின்றன. நுரையீரல் சுரப்பிப் புற்று ஈஜிஎஃப்ஆர் தடுப்பு மருந்துகளுக்குப் பின் சிறுசெல் புற்றாகவும், புராஸ்டேட் புற்று ஆண் இயக்குநீர்த் தடுப்புக்குப் பின் நரம்பு-நாளமில்லாச் சுரப்புப் புற்றாகவும் மாறுவதுண்டு. அங்கும் டிபி53, ஆர்பி1 இழப்புகளே வழிவகுக்கின்றன. தன்னைத் தாக்கும் மருந்தின் இலக்கையே கைவிட்டு வேறு செல்லாக மாறிவிடுவது புற்றின் தப்பிப் பிழைக்கும் உத்தியாகிறது.

இம்மூன்று விடைகளும் ஒன்றையொன்று முற்றிலும் மறுப்பவை அல்ல. நன்கு வேறுபாடுற்ற கட்டிகளுக்கு முதல் விடையும், சிதறிய செல்களுக்கு இரண்டாம் விடையும், கலப்புக் கட்டிகளுக்கும் கொடிய புற்றுக்கும் மூன்றாம் விடையும் கூடுதலாகப் பொருந்துகின்றன.

8. மருத்துவ நடைமுறையில் விளைவுகள்

முதல் வகைச் சிறு கட்டிகளை அகநோக்கி வழியே அகற்றித் தொடர்ந்து கண்காணித்தல் பெரும்பாலும் போதுமானது. மூன்றாம் வகைக் கட்டிகளில் அளவும் தரமும் நோக்கி அறுவை மருத்துவம் மேற்கொள்ளப்படுகிறது. பரவிய நிலையில், சொமாட்டோஸ்டாட்டின் ஏற்பி உள்ள கட்டிகளுக்கு அவ்வியக்குநீரை ஒத்த மருந்துகளும், அதே ஏற்பியை நாடிச் சென்று சேரும் லுட்டீஷியம்-177 கதிரியக்க மருந்தும் பயன்படுகின்றன. இயல்பான டி செல்லின் கட்டுப்படுத்தும் பணியையே இம்மருந்துகள் பின்பற்றுகின்றன என்பது கருதத்தக்கது.

கொடிய புற்றுக்கு நுரையீரலின் சிறுசெல் புற்றைப் பின்பற்றிப் பிளாட்டின வகை மருந்தோடு எட்டொபொசைடு அல்லது இரினோடிகான் தரப்படுகிறது. ஜப்பானில் 170 நோயாளிகளிடம் இவ்விரு இணைகளும் ஒப்பிடப்பட்டபோது வாழ்நாளில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. இரண்டிலும் இடைநிலை வாழ்நாள் ஓராண்டை ஒட்டியே இருந்தது. நுரையீரலிலிருந்து கடன்பெற்ற மருத்துவத்தின் எல்லையை இது உணர்த்துகிறது.

கலப்புக் கட்டியில் மேலோட்டமாக எடுக்கப்படும் திசுத்துண்டு சுரப்பிப் புற்றை மட்டுமே காட்டி ஆழத்தில் உள்ள கொடிய கூறைத் தவறவிடலாம். ஆதலின் அகற்றப்பட்ட கட்டியின் பல பகுதிகளைச் சோதித்தலும், நோய் மீண்டு வரும்போதோ மருத்துவத்துக்கு இசையாதபோதோ புதிய திசுத்துண்டை எடுத்து நோக்குதலும் பயன்தரும். முதல் அறிக்கையில் எழுதப்பட்ட பெயர் நோய் முடியும்வரை மாறாது எனக் கொள்ளுதல் பொருந்தாது.

முடிவுரை

இரைப்பைப் புற்றுநோய்ச் செல்களில் காணப்படும் நரம்பு-நாளமில்லாச் சுரப்புப் பண்பு தனியொரு நோயின் பெயரன்று. இயல்பான இரைப்பையில் குருத்துச் செல் பயன்படுத்தும் வளர்ச்சித் திட்டமொன்று புற்றில் வெவ்வேறு வழிகளில் மீண்டும் வெளிப்படுவதே அது. காஸ்ட்ரினால் தூண்டப்பட்டுப் பெருகிய ஈசிஎல் செல்லில் அது செல்லின் இயற்கை. சிதறிய செல்களைக் கொண்ட சுரப்பிப் புற்றில் அது மூலச்செல்லின் எஞ்சிய ஆற்றல். டிபி53, ஆர்பி1 ஆகிய காவல்களை இழந்த புற்றில் அது ஈட்டிக்கொண்ட புதிய அடையாளம்.

ஆகவே நோயியல் அறிக்கையில் இப்பண்பு ‘உள்ளது’ அல்லது ‘இல்லை’ எனக் குறிப்பதோடு அமையாமல், செல்லின் வேறுபாட்டு நிலை, கேஐ-67 விழுக்காடு, கலப்பாயின் ஒவ்வொரு கூறின் அளவு, சூழ்ந்துள்ள சளிப்படலத்தின் நிலை ஆகியவற்றையும் சேர்த்துத் தருதல் வேண்டும். இந்நான்கும் அமைந்த அறிக்கையே, அஞ்சத் தேவையற்ற கட்டிக்குக் கடும் மருந்து தருவதையும் காலந்தாழ்த்தக் கூடாத புற்றைக் கண்காணிப்பில் விடுவதையும் ஒருசேரத் தடுக்கும்.